தங்கப்பன் சாருக்கு ஒரு கைக்கடிகாரம்

1

மூன்று நாட்களாக என் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு புதுக் கைக்கடிகாரம் வெயிலில் கிடக்கிறது. பேட்டரி மாற்ற வேண்டாத வகை. முகப்பில் வெளிச்சம் பட்டால் போதும், தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும். நேரத்தையும் நாம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஜெர்மனியில் ஒரு கோபுரத்திலிருந்து வரும் வானொலி அலையைப் பிடித்து, நொடி பிசகாமல் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

அடுத்த வாரம் இதைக் கொச்சிக்கு எடுத்துப் போகிறேன். மட்டாஞ்சேரியில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். என் தம்பி முருகேசனைப் பத்துப் பேர் முன்னால் திருடன் என்று சொன்னவர் அவர். கொடுத்தால், ஒன்பது வருடமாகத் தினக்கூலியாக இருக்கும் என் தம்பியின் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறும் என்று நம்புகிறோம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இங்கு வருவதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் கோபத்தில் எழுதி அனுப்பும் செய்திகளை ஆறவைத்து அச்சுக்கு அனுப்புவதுதான் என் வேலை. இதை நான் ஆறவைக்கப் போவதில்லை. ஆனால் யார், எப்போது, என்ன சொன்னார் என்பதைச் சரியாகவே தருகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. தம்பி நாளைக்கும் அங்கே போக வேண்டும்.

2

நாங்கள் மட்டாஞ்சேரியில் பிறந்தவர்கள். அப்பா கிடங்குகளில் சாக்கு தைத்தார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். நான் தமிழ் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கோவைக்குப் போனேன். முருகேசன் மலையாளப் பள்ளியில் படித்தான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். இந்தக் கட்டுரையை அவன் படிக்கப் போவதில்லை என்பதால்தான் எனக்கு இதை எழுதத் தைரியம் வருகிறது. அதை நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அவன் வேலை பார்ப்பது மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில். காலை ஏழு மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். ஏழு என்றால் டைம்கீப்பர் தங்கப்பன் சாரின் கையில் இருக்கும் ஏழு. கிடங்குச் சுவரிலும் ஒரு கடிகாரம் உண்டு. அது ஓடி நான் பார்த்ததில்லை. கதவு அடைத்த பிறகு வருகிறவனை உள்ளே விடுவார்கள், ஆனால் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு விழும். யாரை நிரந்தரமாக்குவது என்று தீர்மானிக்கும்போது முதலாளி புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

முருகேசனின் வீடு பள்ளுருத்தியில். அவன் மனைவி செல்விக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். தண்ணீர் பிடித்து, இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு கட்டி முடித்தால் அவனுக்குக் கிடைப்பது ஆறு முப்பத்தைந்து பஸ். இறங்கி வேகமாக நடந்தால் கிடங்கு வாசலில் ஆறு ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் தங்கப்பன் சாரின் கடிகாரம் நாலு நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதனால் அங்கே மணி ஏழு இரண்டு.

ஒரு மாதத்தில் பதினோரு கோடு விழுந்ததாகப் போனில் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அதே மாதம் இங்கே எனக்கும் ஒன்று நடந்தது. குடியிருப்பு அனுமதியை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் எட்டு பத்துக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நான் எட்டு பதின்மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேனாவால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டு, ஐந்து வாரம் தள்ளி வேறு தேதி எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போது அழுதேன். அழுகை நின்றதும் வந்த யோசனை இது: அந்தக் கடிகாரத்தோடு யாரும் வாதாட முடியாது, அந்த அதிகாரிகூட முடியாது. அப்படி ஒன்று என் தம்பியின் கையில் இருக்க வேண்டும்.

முட்டாள்தனம்தான். ஆனால் அன்றைக்கு அது நியாயமாகத் தோன்றியது.

3

கடையில் எனக்குச் சரியான ஜெர்மன் சொல் வரவில்லை. 'ரேடியோ கேட்கிற கடிகாரம்' என்று கேட்டேன். விற்பனைப் பெண் பாட்டுப் பெட்டியோடு சேர்ந்த ஓர் அலாரத்தை எடுத்து வைத்தாள். நான் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிய பிறகுதான் புரிந்துகொண்டாள்.

அது போன வருடம் நவம்பர் மாதம். ஜன்னலில் வெயில் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாலு நாள் மேசை விளக்கின் கீழே வைத்திருந்தேன். நொடி முள் இரண்டு இரண்டு நொடியாகத் தாவிக்கொண்டிருந்தது. சார்ஜ் போதவில்லை என்றால் அப்படித்தான் ஓடும் என்று கையேடு சொன்னது. ஐந்தாம் நாள் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தி ஜன்னல் ஓரம் அசையாமல் வைத்தேன். முட்கள் தாமாகச் சுற்றி நின்றன. ஜெர்மன் நேரம், நொடி சுத்தமாக.

அதை இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும். கையேட்டை என் மகள் கீர்த்தி வாசித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள்.

"அம்மா, இதுல இந்தியா இல்ல."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேன். பக்கத்துல இருக்கிற திருகைச் சுத்தினா ஒரு மணி நேரம், ஒரு மணி நேரமாத்தான் போகும். உங்க ஊருக்கு நடுவுல அரை மணி நேரம் வேணும்ல."

உங்க ஊர் என்றாள். அதைத் திருத்துவதற்கு அன்று எனக்குத் தெம்பு இல்லை.

வழி இருந்தது, நாற்பத்தேழாம் பக்கத்தில். வானொலியை அணைத்து, திருகை இரண்டு தட்டு வெளியே இழுத்து, நொடி முள் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து, இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்திப் பிடித்து, நிமிட முள் நடுங்கியதும் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் நிமிடம் அசையும். வரிசையில் ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறாவது முயற்சியில் முடித்தோம். கொச்சியில் இந்த அலை எட்டாது. அங்கே சாதாரணக் கடிகாரம் போலத்தான் ஓடும், மாதத்துக்குச் சில நொடி பிசகும். நாலு நிமிடம் பிசகாது.

ஜனவரியில் ஊருக்குப் போனேன். முருகேசன் பெட்டியைத் திறந்து கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு பேட்டரி எவிடே அக்கா?"

"வெயில்தான் பேட்டரி. தினம் கொஞ்சம் வெயில்ல வைக்கணும்."

"அப்ப நம்ம சுக்கு போல. வெயில்ல உணக்கிக்கிட்டே இருக்கணும்."

காலைச் செய்திக்கு முன்னால் வானொலியில் வரும் பீப் ஒலியோடு ஒப்பிட்டோம். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. மறுநாள் காலை நானும் அவனோடு பஸ்ஸில் போனேன். கிடங்கு வாசலை அடைந்தபோது ஆறு ஐம்பத்தெட்டு. தங்கப்பன் சார் கதவின் ஒரு பலகையை ஏற்கெனவே சாத்தியிருந்தார். ஐம்பது வயதுக்காரர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

"முருகேசா, ஏழு கழிஞ்ஞு" என்றார்.

என் தம்பி கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நான்தான் பேசினேன்.

"சார், மணி இன்னும் ஏழாகல. இவன் கையில பாருங்க. ரேடியோவோட ஒத்துப் பார்த்தது."

அவர் பார்த்தார். கோபப்படவில்லை. "ஜெர்மன் வாட்சில் ஜெர்மன் சமயம், சேச்சி. இவிடெ என்றெ சமயம்" என்றார். இங்கே என் நேரம்தான் நேரம். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, என் கண் முன்னால், அளவுகோல் இல்லாமல் நேராக ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு என் கணக்கில் சேர வேண்டியது.

4

நான் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மார்ச் மாதத்தில் ஒரு மதியம் முருகேசன் போன் செய்தான். அவனாக என்னைக் கூப்பிடும் வழக்கமே இல்லை.

மிளகைப் பொறுக்கித் தரம் பிரிக்கிற கூடத்தில் யாரும் மோதிரம், வாட்ச் போடக்கூடாது. சரக்கில் விழுந்துவிடும் என்பதால் அப்படி ஒரு விதி. அதனால் வேலை நேரம் முழுக்கக் கடிகாரம் அவனுடைய தகரப் பெட்டிக்குள் இருட்டில் கிடந்தது. ஒரு நாள் எடுத்துப் பார்த்தபோது நொடி முள் இரண்டிரண்டாகத் தாவியிருக்கிறது. அது பசியின் அடையாளம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். முற்றத்தில் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்துச் சிறு சுவரின் மேல் கடிகாரத்தை மல்லாத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

தங்கப்பன் சார் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் சரக்கு வாங்கும் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் கிடங்கைப் பார்க்க வந்து போயிருந்தார்கள். அவர்களும் ஜெர்மன்காரர்கள்.

"இது சாயிப்போட வாட்சல்லே?" சாயிப்பு என்றால் வெள்ளைக்காரர்.

"இல்ல சார். எங்க அக்கா தந்தது. அவங்க வந்தப்ப நீங்களும் பாத்தீங்களே."

"நின்றெ அக்கா ஆரு, சாயிப்போ?"

கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். முருகேசன் அதை எனக்குச் சொன்னபோது, "சிரிக்கத்தான் செய்வாங்க அக்கா, நல்ல தமாஷ் அது" என்றான். பிறகு தங்கப்பன் சார் சிரிக்காமல் 'கள்ளன்' என்றாராம். ஜனவரியில் என் தம்பியின் கையில் அதே கடிகாரத்தைப் பார்த்தவர் அவர். அதை வைத்து என்னோடு பேசியவர். மறந்திருக்க முடியாது.

கடிகாரத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, அலுவலகத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அது அவனுடையதுதான் என்று காகிதம் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

காகிதம். பில் என்னிடம் இருந்தது, தொலைநகலில் அனுப்பினேன். அது ஜெர்மனில் இருக்கிறதே என்றார்கள். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்து ஆங்கிலத்தில் முத்திரையோடு அனுப்பினேன். இதில் யார் பெயரும் இல்லையே என்றார்கள். மறுபடி கடைக்குப் போனேன், இன்னாருக்கு விற்றோம் என்று ஒரு கடிதம் கேட்க. அதே விற்பனைப் பெண்தான்.

"கடிகாரம் திருட்டுப் போய்விட்டதா?"

"இல்லை. என் தம்பி திருடிவிட்டான் என்கிறார்கள்."

"ஆனால் நீங்கள்தானே கொடுத்தீர்கள்?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன?"

பதினாலு வருடம் இந்த மொழியில் குடித்தனம் நடத்துகிறேன். அந்த 'அப்புறம் என்ன'வுக்கு என்னால் ஒரு வாக்கியம் அமைக்க முடியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் முடிந்திருக்காது. அவள் கடிதத்தை அடித்துக் கொடுத்தாள். அதற்கும் மொழிபெயர்ப்பு, அதற்கும் முத்திரை.

இவ்வளவுக்கும் பிறகு, கிடங்கு அலுவலகத்தில் ஓர் எழுத்தருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த இரண்டு வெள்ளைக்காரர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, வாட்ச் ஏதாவது தொலைந்ததா என்று கேட்டார். மறுநாளே பதில் வந்தது. யாரும் எதையும் தொலைக்கவில்லை.

பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தொலையாத ஒரு பொருளைத் திருடியதற்காக என் தம்பி பத்தொன்பது நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நாங்கள் செய்தி மேசையில் புது ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்போம்: பொருள் காணாமல் போயிற்று என்று யார் சொன்னது? பத்தொன்பது நாளில் எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். என் தம்பியின் நேர்மைக்கு முத்திரை வாங்குவதற்கு நான் அலைந்துகொண்டிருந்தேன்.

5

வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டு, தன் முன்னால் உறையைத் திறந்த காட்சியை முருகேசன் என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறான். மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னதால் நம்புகிறேன்.

இந்த வகைக் கடிகாரம் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தால், சார்ஜை மிச்சம் பிடிக்க முட்களை நிறுத்திவிடும். உள்ளே மட்டும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டதும் முட்கள் தாமே ஓடிப்போய்ச் சரியான இடத்தில் நிற்கும். இதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. தங்கப்பன் சார் உறையைக் கிழித்துக் கடிகாரத்தை ஜன்னல் பக்கத்து மேசையில் போட்டார். முட்கள் ஏதோ ஒரு நேரத்தில் செத்துக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் நிமிட முள் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. அலுவலகத்தில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். முள் சுற்றி, நின்று, பிறகு நொடி நொடியாக நடந்தது. பத்து இருபத்தொன்று.

எல்லோரும் தங்கள் கையைப் பார்த்தார்கள். எழுத்தர் தங்கப்பன் சாரின் கையையும் எட்டிப் பார்த்தார். அதில் பத்து இருபத்தைந்து.

"தங்கப்பன் சேட்டா, ஜெயிலில் கிடந்நிட்டும் இதினு சமயம் அறியாம்" என்றார் அந்த எழுத்தர். சிறையில் கிடந்தும் இதற்கு நேரம் தெரிகிறதே.

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஆனால் மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பத்தொன்பது நாளும் பதிவேட்டில் 'வரவில்லை' என்றே இருந்தன. மாலையில் கதவருகே தங்கப்பன் சார் முருகேசனின் தோளில் கை போட்டார். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

"எனிக்கும் ஒந்நு வேணம். அக்காயோடு பறயணம்." எனக்கும் ஒன்று வேண்டும், அக்காவிடம் சொல்.

ஓணத்துக்கு முன்னால் நிரந்தரப் பட்டியல் எழுதுவார்களாம். ஆறு பேருக்கு இடம் இருக்கிறதாம். அந்தப் பத்தொன்பது நாளை விடுப்பு என்று மாற்றி எழுதிவிடலாம், அதெல்லாம் பெரிய காரியம் இல்லை என்று அவரே சொன்னாராம்.

6

"வாங்க மாட்டேன்" என்றேன் போனில். "அந்த ஆள் கையில நான் வாட்ச் கட்டணுமா?"

"நீ கட்ட வேண்டாம். பெட்டியோட தந்தா மதி." தந்தால் போதுமாம்.

"முருகேசா, உன்னைக் கள்ளன்னு சொன்னவன்டா அவன்."

"எனக்குத் தெரியாதா? அங்க நின்னது நானு. நீ இல்ல."

பின்னால் செல்வி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பத்திரிகைக்கு எழுதலாம், தொழிற்சங்கத்திடம் போகலாம், முதலாளிக்கு நேராகக் கடிதம் போடலாம் என்றெல்லாம் நான் சொல்லத் தயாராக இருந்தேன். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு எத்தனை வீரமான கடிதமும் எழுதலாம். மறுநாள் காலை ஆறு ஐம்பத்தெட்டுக்கு அந்த வாசலில் நிற்கப் போவது நான் இல்லை.

அவன்தான் மறுபடி ஆரம்பித்தான்.

"அக்கா, ஒரு காரியம் கேக்கட்டா? அந்த வாட்ச்ல திருகைச் சுத்தினா மணி மட்டும்தானே மாறும்?"

"ஆமா."

"நிமிஷம் மாத்தணும்னா?"

"அது பெரிய வேலை. ரெண்டு பொத்தானையும் பிடிச்சு... அன்னைக்கு நாங்க ஆறு தடவை செஞ்சோம்."

"புக்கு இல்லாம பற்றுமா?"

"முடியாது. புக்கு இருந்தே எனக்கு கீர்த்தி வாசிச்சுச் சொல்லணும்."

"அப்ப புக்கு கொண்டு வராதே."

எனக்கு உடனே புரியவில்லை. அவன் பொறுமையாகச் சொன்னான். என் மகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பொறுமையாக.

"புது வாட்ச் கிட்டினா அவரு பழசைக் கட்டுவாரா? நாலு பேரு பாக்கணும்னு கதவுக்குக் கட்டிட்டுத்தான் வருவாரு. நீ சரியான நேரம் வச்சுக் கொடு. அவரு நாலு நிமிஷம் முன்னால தள்ளணும்னு நினைச்சாலும் தள்ள முடியாது. அந்த பஸ்ஸுல நாங்க ஏழு பேரு வர்றோம் அக்கா. ஏழு பேருக்கும் கோடு விழாது."

"அவன் புக்கு கேட்டா?"

"வழியில போச்சுன்னு சொல்லு. ஜெர்மன் புக்கை வச்சு அவரு எந்தா செய்யப் போறாரு?" என்று சிரித்தான். பிறகு, "பட்டியல்ல பேரு வந்தா வரட்டும். வரலேன்னாலும் கதவு சரியா ஏழுக்கு அடைச்சா எனக்கு மதி" என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஒரு மனிதனுக்குச் சேர வேண்டிய நாலு நிமிடத்தை, அதைப் பறித்தவனுக்கே பரிசு கொடுத்துத்தான் மீட்க முடியும் என்றால், அந்த ஏற்பாட்டில்தான் பிழை. அதை என் தம்பி ஒன்பது வருடம் முன்பே தெரிந்து வைத்திருக்கிறான். நான் இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது. அவனுக்கு வேலை நடக்கிறது.

இன்று மாலை கீர்த்தியைக் கூப்பிட்டு நாற்பத்தேழாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். கோடை என்பதால் இப்போது வித்தியாசம் மூன்றரை மணி நேரம். மூன்றாவது முயற்சியிலேயே நிமிட முள் நடுங்கியது.

"அந்த அங்கிள் கெட்டவர்னு சொன்ன. அவருக்கு எதுக்கு இவ்ளோ கரெக்டா வைக்கிற?" என்று கேட்டாள் மகள்.

"கரெக்டாத்தான் வைக்கணும்."

வைத்தேன். திருகை உள்ளே தள்ளினேன். கடிகாரத்தைப் பெட்டியில் அதன் மெத்தையில் பொருத்தி, உத்தரவாத அட்டையை அடியில் செருகினேன். தங்கப்பன் சார் தன் பெயரை அதில் எழுதச் சொல்லியிருந்தாராம், எழுதினேன். கையேடு மட்டும் மேசையில் கிடந்தது. கீர்த்தி அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனாள். வாங்கி, பழைய காகிதம் போடும் நீலத் தொட்டியில் போட்டேன். சமையலறைக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைத்தேன். பிறகு மறுபடியும் போய் அதைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஒரு பக்கம் விடாமல் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.